பொரித்த எண்ணெயை எங்கே ஊற்றுவது?



நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு எத்தாளையில் எந்த ஒழுங்கையால் போனாலும் சமோசா, ரோல்ஸ், கட்லட் வாசம்தான். முப்பது நாளும் தாச்சி அடுப்பை விட்டு இறங்குவதில்லை. மிஞ்சுகிற கறுத்த எண்ணெய் பின்வாசல் மணலுக்கும் வாழை அடிக்கும் போகிறது. மணல் குடித்துவிடும் என்று நாம் நம்புகிறோம்.

1991 ஜனவரியில் பிரித்தானியாவின் வேல்ஸ் கரையில், ஆங்கிள்சி தீவுக்குப் பக்கத்தில் 'கிம்யா' என்ற கப்பல் கவிழ்ந்து ஏறத்தாழ 1,500 தொன் சூரியகாந்தி எண்ணெய் கடலில் கலந்தது. டீசல் இல்லையே, சமையல் எண்ணெய்தானே என்று தோன்றும். அந்த எண்ணெய் மணலோடு சேர்ந்து சீமெந்துக் கட்டி போல இறுகி வருடக்கணக்கில் கரையில் கிடந்தது. அங்கிருந்த மட்டிகள் செத்தன. இறாலையும் நண்டையும் நம்பி வாழும் களப்போர ஊர் நாம்.

லண்டன் வைட்சப்பலில் 2017இல் நிலத்தடிச் சாக்கடையை அடைத்துக் கிடந்த கொழுப்புக் கட்டி 250 மீற்றர் நீளம், 130 தொன். கொழுப்பு கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரக் கல்லாகிவிடுகிறது. நமக்கு அப்படிச் சாக்கடை இல்லை, வீட்டுக்கு வீடு குழிதான். குழி மண்ணின் துவாரத்தைக் கொழுப்பு அடைத்தால் தண்ணீர் கீழே இறங்காது, மாரியில் முற்றத்துக்கு வரும். பக்கத்திலேயே கிணறு. கற்பிட்டித் தீபகற்பத்தில் நாம் குடிப்பது, மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படையைத்தான். தோட்டத்துப் பசளையால் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வாளர்கள் வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். மேலே போடுவது கீழே போகிறது என்பதற்கு அதுவே போதும். தேங்கி நிற்கும் தண்ணீரை அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நம் பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் சொல்லித்தருகிறோம்.

என்ன செய்வது? எண்ணெயை ஆறவிட்டு உறைந்ததும் சுரண்டிக் குப்பையில் போடுங்கள் என்று குளிர் நாட்டார் எழுதுகிறார்கள். தேங்காய் எண்ணெய் உறைய ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறங்க வேண்டும். எத்தாளையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஸஹர் வந்துவிடும்! நமக்குத் தோது தும்புத்தூள். ஆறிய எண்ணெயைத் தூளில் ஊறவிட்டு, அடுப்பு மூட்டக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். குவித்து வைக்க வேண்டாம், எண்ணெய் ஊறிய தூள் தானாகச் சூடேறலாம். தாச்சியைக் கழுவ முன் பழைய பேப்பரால் துடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதைவிட, சின்னத் தாச்சியில் அளவாக ஊற்றிப் பொரித்தால் மிஞ்சுவதே குறையும்.

அதிகம் பொரிக்கும் கடைகளுக்கும் இப்தார் சமையலுக்கும் தும்புத்தூள் காணாது. இந்தியாவில் 2018 ஆகஸ்ட்டில் 'ரூக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கி, கடைகளின் பழைய எண்ணெயைச் சேர்த்து பயோடீசல் செய்யக் கொடுக்கிறார்கள். இங்கும் மஹல்லாவுக்கு ஒரு மூடிபோட்ட பீப்பாய் வைத்துச் சேர்க்கலாம். ஆனால் வாங்க வருபவரிடம் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொரு ஊரின் வடைத் தாச்சிக்குத்தான் அது போகுமென்றால் ஒரு போத்தல்கூடக் கொடுக்கக் கூடாது.