டிசம்பர் மழையும் கைப்பேசித் திரையும்



பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே கிடக்கும் ஏலூருக்குக் குளிர்காலம் என்று சொல்லத்தக்க ஒன்று வருவதில்லை. டிசம்பரில் பகல் வெப்பம் 31, 32 டிகிரியில் நிற்கும். விடியற்காலையில் 23 டிகிரிக்கு இறங்கிவிட்டால் போதும், உரத் தொழிற்சாலையின் முதல் ஷிப்டுக்குச் செல்லும் நம் சகோதரர்கள் தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள். மூணாறில் விழுந்த உறைபனியைக் கைப்பேசியில் பார்த்து நடுங்குவதோடு நம்முடைய குளிர் முடிந்துவிடும்.

ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்களுக்கு டிசம்பர் வேறொரு மாதம். இங்கே வானம் வெளுத்திருக்கையில் அங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திராது. ஆகவே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் ரேடார் படம் பார்க்கும் பழக்கம் நம்மில் அநேகருக்கு உண்டாகியிருக்கிறது. நல்ல பழக்கமே. ரேடார் அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகிறது. துளிகள் பெரிதாகவும் அடர்த்தியாகவும் இருக்குமளவுக்குத் திரும்பும் அலை வலுக்கிறது. அந்த வலிமையே படத்தில் பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரிகிறது. மின்னலை முன்னறிவிக்கும் ‘தாமினி’ செயலியும் வெளியில் வேலை செய்வோருக்கு உதவும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் பின் எங்கள் வாலிபர்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். கோடைகாலத்து ஜோகன்னஸ்பர்க்கில் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம். அர்ஷ்தீப் சிங் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்த, தென்னாப்பிரிக்கா 116 ரன்களில் சுருண்டது. சென்னைப் பிள்ளை சாய் சுதர்சன் தமது முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 55 ரன்கள் எடுத்தார். பந்துக்குப் பந்து எழுத்தில் வரும் வர்ணனையை ஒருவன் உரக்க வாசிக்க, மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். விளையாட்டைப் பார்ப்பது பாவமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வாரமெல்லாம் உழைத்தவர்கள் அந்த மாலையில் மகிழ்ந்ததை நான் குறைசொல்லமாட்டேன்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சகோதரர் ஒருவர் மட்டும் ஸ்கோரைக் கேட்கவில்லை. எலியாவின் ஊழியக்காரன் ஏழுதரம் போய்ப் பார்த்ததுபோல், ரேடார் படத்தையே திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தார்.

“ஐயா, சிவப்பு நகரவே மாட்டேங்குது. அம்மா தனியா இருக்காங்க” என்றார்.

மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அப்பகுதியில் ஓராண்டு முழுவதும் பெய்வதைக் காட்டிலும் அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. மேகத்தின் நிறத்தை ஏலூரிலிருந்து கண்டுகொண்ட மனிதரால், தாயார் மாடியேறினார்களா என்பதை அறியக்கூடவில்லை. மூன்றாம் நாள் வேறொருவர் மூலமாகச் செய்தி வந்தது: அடுத்த தெரு மாடிவீட்டார் இரவிலேயே அவர்களை அழைத்துப் போயிருந்தார்கள்.

அந்த வீட்டாருடைய எண் அதுவரை அவரிடம் இருந்ததில்லை. இப்பொழுது இருக்கிறது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனே, சிவப்புக்குக் காத்திராமல், கோபுரம் உயிரோடிருக்கும்போதே முதலில் அவர்களைக் கூப்பிடுகிறார், பிறகுதான் தாயாரை. அதன்பின் அவரும் வாலிபர்களோடு உட்கார்ந்து ஸ்கோர் கேட்கிறார்.