‘வ’ வராத பேச்சாளன்

எனக்கு ‘வ’ வராது. ‘வணக்கம்’ சொல்லி ஆரம்பிக்கிற ஊரில் பிறந்துவிட்டு ‘வ’ வராமல் இருப்பது எவ்வளவு பேஜார், யோசித்துப் பாருங்கள் ஸார். எழுதினால் வரும். பேசினால், கீழ் உதடு மேல் பல்லில் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்த ஷட்டர் மாதிரி நின்றுவிடும்.

2009-ல் நான் பி.காம். இரண்டாம் வருஷம். 1969 ஜூலையில் 14 வங்கிகளை தேசியமயமாக்கி 40 வருஷம் ஆகிறதென்று கல்லூரியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பின் முதல் எழுத்தே ‘வ’! நண்பன் ஒருத்தன் பந்தயம் கட்ட, வீறாப்பில் பெயர் கொடுத்துவிட்டேன்.

தாம்பரம் சண்முகம் சாலை பிளாட்பாரத்தில் பேச்சுக்கலைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். கிரேக்கத்து டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பழகினாராம். தாம்பரத்தில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது? ரயில்வே ஜல்லி வாய்க்குள் போகாது. புளியங்கொட்டை போட்டுப் பேசினேன். இரண்டு உள்ளே போய்விட்டன. எதிரில் இருப்பவர்களை முட்டைக்கோஸாக நினை என்றும் போட்டிருந்தது. முட்டைக்கோஸ் சிரித்தால் என்ன செய்வது என்று போடவில்லை.

போட்டியன்று, “வ... வ... வ...”

“வண்டி ஸ்டார்ட் ஆகலை, தள்ளுங்கடா!” என்றான் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கசக்கிறது. அப்புறம் ஒரு மாசம் அட்டெண்டன்ஸுக்குக்கூட கையை மட்டும் தூக்கினேன்.

அந்த மாசத்தில்தான் மின்சார ரயிலில் கர்ச்சீப்காரரைக் கவனித்தேன். குரோம்பேட்டையில் ஏறுவார். கூட்டம் இடம் பிடித்து அடங்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். அப்புறம் ஒரு கர்ச்சீப்பை ஜன்னல் காற்றில் விரித்துப் பிடித்து, கடைசி ஸீட்டைப் பார்த்து, “க...ர்ச்சீப்பேய்!” என்று பாட்டு மாதிரி ஓர் இழுப்பு. தலைகள் திரும்பும். விலை சொல்ல மாட்டார். யாராவது ‘எவ்ளோ?’ என்று கேட்கட்டும் என்று சும்மா நிற்பார். பல்லாவரம் வருவதற்குள் நாலைந்து பேராவது வாங்கியிருப்பார்கள்.

ஒருநாள் நானே கேட்டேன்.

“மூ... மூ... மூணு இ... இருபது.”

என்னைவிட மோசம்! வாயைப் பிளந்து பார்த்தேன்.

“எனக்கும் ‘வ’ வ... வராதுண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. “மு... முட்டாதே தம்பி. மெள்ளத் தொ... தொட்டு, இழு” என்றவர், பல்லாவரத்தில் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

முதல் எழுத்தை மென்மையாகத் தொட்டு நீட்டிச் சொல்வது திக்குவாய்க்கு பேச்சுப் பயிற்சி நிபுணர்களே சொல்லித்தருகிற முறை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு யார் சொன்னார்களோ!

தினமும் திரிசூலத்திலிருந்து கிண்டி வரை கதவோரம் நின்று, ரயில் சத்தத்தில் “வ...ங்கி, வ...ட்டி” என்று இழுத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

அடுத்த செமஸ்டரில் வகுப்பு செமினார். அதே தலைப்பைக் கேட்டு வாங்கினேன். “வ...ணக்கம்.”

“பாகவதர்டா!” என்றது கடைசி பெஞ்ச். சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. கர்ச்சீப்காரர் மாதிரி அடங்கும்வரை நின்றேன். பிறகு ஏழு நிமிஷம் பேசினேன். ‘வாராக்கடன்’ மட்டும் பெயருக்கேற்றபடி வரவே இல்லை.

மறுநாள் குரோம்பேட்டையில் அவர் ஏறியதும், “பேசிட்டேண்ணே!” என்றேன்.

“ச...ந்தோசம்” என்று ராகமாக இழுத்து, மூன்று கர்ச்சீப்பை நீட்டினார். “இ...ருபது.”

“எனக்குமாண்ணே?”

“உ...னக்குந்தான்.”