இரி, குந்து, உக்காரு

பதுளைப் பக்கம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிற எங்களுக்கு ஒன்று தெரியும். பிள்ளைகளைப் பாயில் இருத்துவதற்கு ஒரு சொல் போதாது.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் "இரிங்க" என்றால் உட்காரச் சொல்வது. பசறை, லுணுகலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு "இரு" என்றால் "கொஞ்சம் பொறு". "இரு, வாரேன்" என்றுதானே வீட்டில் கேட்டு வளர்கிறது! ஆகவே டீச்சர் "இரி மகன்" என்றதும் அந்தப் பிள்ளை மரியாதையாக நின்றுகொண்டே இருக்கும். கிழக்கிலிருந்து நியமனம் பெற்று வருகிறவர்கள் "குந்துங்க" என்பார்கள். அவர்கள் ஊரில் அது விருந்தாளிக்கே சொல்லும் சொல். இங்கே சிலருடைய காதில் அது கரடாக விழும். தோட்டத்துக்காரர் சொல்வது "உக்காருங்க". மூன்றும் தமிழ்தான். ஆனால் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிற பெயர் "சொல்வழி கேளாதவன்". முதலாம் தரத்தில் ஒட்டிய அந்தப் பெயர் ஐந்தாம் தரம் வரைக்கும் கூடவே வந்ததைப் பார்த்திருக்கிறோம்.

இரண்டு காலையும் மடித்து இருப்பதை நாங்கள் "சப்பாணி கட்டி" என்போம். தோட்டத்தில் அது "சம்மணம் போட்டு". அங்கே சப்பாணி என்றால் கால் ஏலாதவர். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் கமலஹாசனுக்கு அதுதான் பெயர். "சப்பாணி கட்டு" என்றால் பிள்ளையின் முகம் சுருங்காமல் என்ன செய்யும்? பக்கத்தில் இருக்கிறவன் சிரித்துவிட்டால் அன்றைக்கே பட்டப்பெயர்தான்.

"குத்த வச்சி" உட்காருவது வேறு. பாதம் இரண்டும் நிலத்தில், முழங்கால் மேலே, பின்புறம் தரையில் படாது. கொழுந்து மலையில் தேத்தண்ணி குடிக்கும்போது பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள். சரிவு, ஈரம், மழை பெய்தால் அட்டை. வேறு எப்படி இருப்பது? லயத்துக் காம்பராவும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். ஆறேழு பேர் இருக்கிற இடத்தில் யார் காலை நீட்டுவது? முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வகுப்பிலும் அப்படி இருந்தால் "என்ன சோகம்?" என்று அதட்டுகிறவர்கள் ஒருமுறை லயத்துக்குப் போய் வரட்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கும் இருப்பில் பழக்கம் உண்டு. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருக்கவேண்டுமென்றால் சப்பாணி கட்ட இடம் வராது. ஒரு முழங்காலைத் தூக்கி, தோளைச் சரித்து இருக்கவேண்டும். தொழுகையில் இடது பாதத்தை விரித்து அதன்மேல் இருப்பது இஃப்திராஷ். கடைசி இருப்பில் அந்தக் காலை வலப்புறம் வெளியே விட்டு நிலத்தில் அமர்வது தவர்ருக். பிள்ளைகளுக்கு இரண்டுமே "அத்தஹிய்யாத்து இருப்பு"தான். முழங்காலில் நிற்கச் சொல்வதோ பள்ளிக்கூடத்தில் தண்டனை. "மண்டி போடு" என்று சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளையும் முதலில் பயப்படத்தான் செய்யும்.

இப்போது நாங்கள் சில பேர் ஒன்று செய்கிறோம். தவணை தொடங்கும்போது சொல்லாமல், நாங்களே பாயில் இருந்து காட்டுகிறோம். பிறகு "உங்க வீட்டுல இதுக்கு என்ன சொல்றது?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கிறோம். கரும்பலகை நிறைந்துவிடும். போன கிழமை ஒரு பிள்ளை தன் பாட்டி சொல்வது என்று எழுந்து "அண்டக் குடுத்து" என்றாள். சுவரில் முதுகு சாய்த்துக் காட்டினாள்.

ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டுச் சொல்லைக் கீழே எழுதுங்கள். உம்மும்மா, அம்மாயி, பாட்டி யாரிடமாவது கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.