பேரு சென்னை, ஊரு கோவை!

சென்னையில் தடுமாறிட்டிருந்த சென்னை சிட்டி எஃப்.சி. 2017-ல் நம்ம கோவைக்கு ஆட வந்துச்சு. பேரை மட்டும் மாத்தவே இல்லை.

2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம். நான் அப்ப அஞ்சாம் வகுப்பு. முதல் கோல் மினர்வா பஞ்சாபுக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. கடைசியில் 3-1, ஐ-லீக் கோப்பை நமக்கு! கோழிக்கோட்டில் ஜெயிச்சும் ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு புள்ளி குறைச்சல்.

"சென்னைனு எதுக்குங்க மாமா கத்தறோம்?"

"ஆடறது நம்ம ஊர்லதானே கண்ணு!"

2021-க்கு அப்புறம் ஐ-லீக்கில் அந்த டீமே இல்லை. தோற்கிற டீமை ஊர் மாத்தறது தப்பில்லைங்க, இங்க வந்துதானே ஜெயிச்சாங்க. ஆனா வர்ற ஊர் பேரை வெச்சுக்கணும். நம்ம பேரு இருந்திருந்தா, காணாமப் போனப்ப நாலு பேராவது கேட்டிருப்போம். இப்ப பஸ் ஸ்டேடியத்தைத் தாண்டறப்ப நான் மட்டும் எட்டிப் பார்க்கறேன்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்