பொரித்த முட்டையும் பகுத்துண்ணலும்



நம் குனோங் ராபாட்டில் காலை வேளையில் உணவுக் கடைகளைக் கடந்து செல்வோர் முட்டை பொரியும் ஓசையைக் கேட்டிருப்பர். முட்டை ஒன்றே, பொரிக்கும் முறைகளோ பல.

முட்டையைக் கலக்காமல் காய்ந்த எண்ணெயில் உடைத்து ஊற்றினால், வெண்கரு விரிய, மஞ்சட்கரு நடுவே கண்போல் நிற்கும். மலாய்க்காரர் இதனைத் 'தெலோர் மாத்தா கெர்பாவ்' என்பர். எருமைக்கண் முட்டை என்பது பொருள். வெண்கரு 60 பாகை செல்சியசைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். மஞ்சட்கரு இறுகுவதற்கு 65 முதல் 70 பாகை வரை வேண்டும். சூடும் அடியிலிருந்தே வருவதால் அது இளகி நிற்கிறது. மூடியிட்டால் ஆவி மேற்புறத்தை வேகவைக்கும். திருப்பிப் போட்டால் இருபுறமும் வேகும். தீ மிகுந்தாலோ வெண்கரு நீரிழந்து தோல்போல் ஆகும். அரைகுறையாக வெந்த முட்டையில் நோய்க்கிருமி எஞ்சக்கூடுமாதலால், சிறு குழந்தைகளுக்கு நன்கு வெந்த முட்டையே ஏற்றது.

மற்றொன்று அடித்துப் பொரிப்பது. நாம் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ப்போம். மலாய்க்காரர் இதனைத் 'தெலோர் டாடார்' என்பர். சீனர் இறால், வெங்காயம் முதலியன கலந்து 'பூ யோங்' செய்வர். கொங்கு நாட்டிலோ முழுதும் இறுகுமுன் எடுக்கும் 'கலக்கி' உண்டு.

இவ்விரு முறைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு சுவையன்று என்பதை யாம் 1981-ஆம் ஆண்டில் அறிந்தோம்.

அப்போது எம் குடும்பத்தார் அறுவரும் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோம். பெற்றோர் பால்மரம் வெட்டினர். அன்னையார் இரண்டு முட்டைகளில் வெங்காயத்தை மிகுதியாகச் சேர்த்து அடித்து, தோசைக்கல்லில் ஊற்றிப் பொரித்து, ஆறு துண்டுகளாக்குவார். அடித்த முட்டையை எத்தனை பேருக்கும் பகிரலாம். கண் முட்டையைப் பிளந்தால் மஞ்சட்கரு ஒழுகிவிடும். அஃது ஒருவருக்கே உரியது.

ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வன்று, முழு முட்டைதான் வேண்டுமென யாம் அடம்பிடித்தோம். வீட்டில் இருந்ததோ ஒரே முட்டை. பெரட்டுக்குச் செல்லும் அவசரத்திலும் அன்னையார் அதனைக் கண் கலையாமல் பொரித்து எம் தட்டில் வைத்தார். நான்கு வயதுத் தங்கை கதவோரம் நின்று பார்த்தாள். அவள் கேட்கவில்லை, யாமும் கொடுக்கவில்லை.

தேர்வில் தேறினோம், பின்னர் ஆசிரியர் கல்லூரியிலும் பயின்றோம். அன்றைய வினாக்களுள் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. கதவோரம் நின்ற அப்பிள்ளை மட்டும் நினைவை விட்டு அகலவில்லை.

இப்போது தங்கை தன் மக்களுடன் எம் இல்லம் வரும்போதெல்லாம், யாமே அடுப்படியில் நின்று வெங்காயம் அரிந்து முட்டையை அடித்துப் பொரிக்கிறோம். முதல் துண்டு அவளுக்கே. காரணத்தை அவள் கேட்டதில்லை, யாமும் சொன்னதில்லை. இம்மலரைப் படித்தால் அறிந்துகொள்வாள்.

மாணவர்களே, கண் முட்டையை விரும்பி உண்ணுங்கள், அதில் குற்றமில்லை. உண்ணுமுன் கதவோரம் ஒருமுறை பாருங்கள்.