அத்தை கையில் ஒரு சீட்டு

'எல்லாம் என் செல்போனிலேயே இருக்கிறது' என்று பெருமைப்பட்டுக் கொள்ளும் சகோதரிகளில் நானும் ஒருத்தி. கரண்ட் பில் கட்டுவதிலிருந்து பெண்ணின் பள்ளிக்கூடப் பணம் கட்டுவது வரை எனக்கு எல்லாம் அதில்தான். அந்தப் பெருமை சென்னை விமான நிலையத்தில் அரைமணி நேரத்தில் கரைந்து போன கதையை இங்கே எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

2024 பிப்ரவரி மாதம். மும்பையில் இருக்கும் என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். வியாழக்கிழமை காலை 8 மணிக்கு ஆபரேஷன்.

"அவளை உள்ளே கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால நான் பக்கத்துல இருக்கணும்" என்று என் மாமியார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அத்தைக்கு 72 வயது. முழங்கால் வலி. ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து போக முடியாது. எங்கள் பெண்ணுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை என்பதால் என் கணவர் வீட்டில் இருக்க, நானும் அத்தையும் மட்டும் புதன்கிழமை சாயங்கால விமானத்தில் கிளம்புவதாக ஏற்பாடு.

டிக்கெட் எடுத்தது, அத்தைக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று எழுதியது, முதல் நாளே வீட்டிலிருந்தபடி இடம் பதிந்து 'போர்டிங் பாஸ்' வாங்கியது எல்லாம் அவர்தான். இரண்டு பேருடைய பாஸையும் என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார். விமானம் 6.15க்கு. 4 மணிக்கெல்லாம் எங்களை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்.

வாசலில் காவலரிடம் போனைக் காட்டினேன், ஆதார் அட்டைகளைக் காட்டினேன், உள்ளே விட்டுவிட்டார். பெட்டியைப் போடும் கவுன்டரில் இருந்த பெண், "மேடம், பேப்பர் பாஸ் வேணுமா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ரெண்டு கொடும்மா" என்றுதானே! "வேண்டாம், போன்லயே இருக்கு" என்றேன், ஏதோ மாதாமாதம் பறக்கிறவள் மாதிரி. பெட்டிக்கான சின்ன ரசீதை மட்டும் கொடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பர்ஸுக்குள் திணித்தேன்.

சக்கர நாற்காலி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அதற்குள் நாத்தனார் வீடியோவில் கூப்பிட்டாள். பாவம், பயந்து போயிருந்தாள். அவளுக்குத் தைரியம் சொன்னேன். வழியெல்லாம் காரிலும் அவளோடுதான் பேசிக்கொண்டே வந்திருந்தேன். போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தேனா? இல்லை. சார்ஜர் எங்கே? கவுன்டரில் போட்ட பெட்டியில்!

நாற்காலியைத் தள்ளும் தம்பி வந்தார். "இவங்களுக்குத் தனி வழிம்மா. நீங்க அந்த வரிசையில வாங்க, உள்ளே பார்த்துக்கலாம்" என்று சொல்லி அத்தையை அழைத்துப் போனார். நானும் சரியென்று வரிசையில் நின்றேன். மணி 5.20. பாதுகாப்புச் சோதனைக்கு உள்ளே விடும் இடத்தில் பாஸைக் காட்டுவதற்காகப் போனை எடுத்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அப்படியே கறுப்பாகிப் போயிற்று. அவ்வளவுதான், உயிர் இல்லை.

அந்தப் பக்கம் பார்த்தால் அத்தையும் அதேபோல நிற்கிறார். அங்கே இருந்த காவலர், "பாஸ்? பாஸ்?" என்று கேட்கிறார். அத்தை என் பக்கம் கையைக் காட்டுகிறார். அவர் கையில் சீட்டும் இல்லை, ஆதாரும் இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று அதையும் நான்தான் என் பர்ஸில் வைத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே நாற்பது பேராவது இருப்பார்கள். பின்னால் வந்த சக்கர நாற்காலிகளுக்கு வழிவிட்டு அவரை ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

கவுன்டருக்கு ஓடினேன். அங்கே எங்கள் விமானத்துக்கான வேலை முடிந்திருந்தது. நல்ல வேளையாக அந்தப் பெண் இன்னும் எழுந்து போகவில்லை.

"பி.என்.ஆர். நம்பர் சொல்லுங்க மேடம்."

"போன்ல இருக்கும்மா."

"டிக்கெட் வந்த மெயில்?"

"அதுவும் போன்லதான்."

"சாரோட நம்பர் சொல்லுங்க, கூப்பிடலாம்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபது வருஷமாகக் குடும்பம் நடத்தும் என் கணவரின் செல்போன் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. அதுவும் போனுக்குள்தான். எப்போதோ எடுத்துவிட்ட எங்கள் வீட்டு லேண்ட்லைன் எண்தான் ஞாபகத்துக்கு வந்தது!

கண்ணில் நீர் முட்ட, பர்ஸைக் கவுன்டரின் மேல் கவிழ்த்தேன். ஆதார் அட்டைகளோடு அந்தப் பெட்டி ரசீதும் விழுந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். "பேர், விமானம் எல்லாம் இதுலயே இருக்கே மேடம்" என்று கம்ப்யூட்டரில் தட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வழவழவென்று இரண்டு சீட்டுகள் வெளியே வந்தன. எதை மதிக்காமல் பர்ஸில் திணித்தேனோ, அந்தத் துண்டுக் காகிதம்தான் எங்களைக் காப்பாற்றியது.

நான் ஓடி வந்தபோது அத்தை பதறாமல் உட்கார்ந்திருந்தார். சீட்டைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என் பேர் போட்டிருக்கா?" என்று கேட்டார். "போட்டிருக்கு அத்தை" என்றேன். பிறகு கோபமே இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னால என் டிக்கெட் எங்கப்பா சட்டைப் பையில இருந்தது. அப்புறம் உங்க மாமா பையில. இப்ப உன் போன்ல. என் கையில கொடுத்தா நான் தொலைச்சிடுவேனா?"

எனக்குச் சுருக்கென்றது. பார்க்கப் போனால் என் கதையும் அதுதானே? இவர் கூட வந்தால் டிக்கெட் இவரிடம். இவர் வராத அன்று இவர் அனுப்பிய படம். கூட வருகிறவர்களை நம்பியே நடந்து பழகிவிட்டோம். பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் அதையே செய்கிறோம்.

வாயில் மூடுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். இரவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் காலையில் மகளின் நெற்றியில் விபூதி இட்டு அத்தைதான் உள்ளே அனுப்பினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று விமானத்தைத் தவறவிட்டிருந்தால் அந்தக் காலைப் பொழுதை அத்தைக்கு நான் எங்கிருந்து திருப்பிக் கொடுத்திருப்பேன்?

அதன் பிறகு இதைப் பற்றி விசாரித்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். போனில் பாஸ் வைத்துக்கொள்வது தப்பே இல்லை. நம் உள்நாட்டு விமானங்கள் பலவற்றுக்கு 48 மணி நேரம் முன்பிருந்தே வீட்டிலிருந்தபடி எடுத்துவிடலாம். கைப்பை மட்டும் கொண்டு போகிறவர்கள் கவுன்டர் வரிசையில் நிற்கவே வேண்டாம். ஆனால் அதைப் படமாகவும் எடுத்துப் போனில் சேமித்து வையுங்கள். அங்கே நெட் கிடைக்காவிட்டாலும் காட்டலாம். காட்டும்போது திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது சார்ஜ் முழுதாக இருக்கட்டும். சார்ஜரும் பவர் பேங்க்கும் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க்கைக் கவுன்டரில் போடும் பெட்டியில் வைக்கவும் கூடாது.

அதோடு காகிதச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் கேட்டால் தருவார்கள். முன்பு இதற்குத் தனிப் பணம் வாங்கும் வழக்கம் இருந்தது. கவுன்டரில் பாஸ் கொடுப்பதற்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். உள்நாட்டுப் பயணத்துக்குக் கவுன்டரைப் பொதுவாக 60 நிமிஷத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். விமானம் ஏறும் வாயிலையும் சுமார் 25 நிமிஷம் முன்னதாக மூடுகிறார்கள். அதைக் கணக்கில் வைத்துச் சீக்கிரமே போய்விடுங்கள். சீட்டில் வாயில் எண் அச்சாகியிருந்தாலும் கடைசி நேரத்தில் மாறலாம். அங்கிருக்கும் பலகையையும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று. சீட்டில் இருக்கும் கறுப்புப் புள்ளிக் கட்டத்துக்குள் நம் பெயர், பி.என்.ஆர். எண், விமானம், இருக்கை எல்லாம் அடங்கியிருக்கிறது. 'ஊருக்குப் போகிறேன்' என்று அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். பயணம் முடிந்த பின்பும் கிழித்துப் போடுங்கள்.

முகத்தையே அடையாளமாகக் காட்டி உள்ளே போகும் 'டிஜி யாத்ரா' 2022 டிசம்பரில் டில்லி, பெங்களூர், வாரணாசி விமான நிலையங்களில் தொடங்கிப் பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "முகத்தைத்தான் காட்டிட்டு நின்னேனே அன்னைக்கு, யாரு விட்டாங்க?" என்று சிரித்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான்: கூட எத்தனை பேர் வந்தாலும், அவரவர் சீட்டும் அவரவர் அடையாள அட்டையும் அவரவர் கையில். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் சரி, எட்டு வயதுக் குழந்தையாக இருந்தாலும் சரி. ஒரு காகிதத்தில் நம் வீட்டு எண்ணையும் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். நான் இப்போது மூன்று எண்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

மும்பையிலிருந்து திரும்பும்போது கவுன்டரில் நான் வாயைத் திறக்கும் முன்னே அத்தை கையை நீட்டிவிட்டார். "எனக்குப் பேப்பர்ல கொடும்மா." வாங்கி, ஆதாரோடு சேர்த்துச் சுருக்குப் பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சோதனை வாசலில் தானே எடுத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும், "கிழிச்சுப் போட்டுடலாம் அத்தை" என்றேன். புள்ளிக் கட்டம் இருந்த பாகத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தார். பெயர் இருந்த பாதி இன்னும் அந்தச் சுருக்குப் பையில்தான் இருக்கிறது.