தண்ணீரில் போன டேங்க்

தண்ணீர் மேல் டேங்க் போகும் என்றாள் அக்கா. போகாது என்றேன் நான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், ரசம் வருவதற்கு முன் தொடங்கிய சண்டை இது. இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. "படகு மாதிரி ஒண்ணு வரும்டா, அதை எடுத்தா ஆத்துக்குள்ளேயே எறங்கிரலாம்" என்று இலையில் விரலால் கோடு போட்டே காட்டினாள். எனக்கு நினைவிருக்கிற விளையாட்டில் ஆறு வந்தால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். யார் சொல்வது சரி என்று பார்த்துவிடலாம் என்றுதான் தேட உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் டிவி கேம் இருந்த வீடுகளில் எல்லாம் அந்த டேங்க் கேம் இருந்தது. எங்களுக்கு அது சித்தப்பா சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்த பெட்டி. கேசட் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருந்ததென்னவோ சில டஜன் விளையாட்டுகள்தான். அவையே பெயர் மாறி மாறித் திரும்ப வரும். எங்கள் சாலிடேர் டிவி கறுப்பு வெள்ளை. முதல் ஆளின் டேங்க் மஞ்சள், இரண்டாம் ஆளுடையது பச்சை என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு இரண்டும் சாம்பல்; ஒன்று கொஞ்சம் வெளுத்த சாம்பல். வெளுத்தது அக்காவுடையது.

வேலைப் பங்கீடும் அவள் செய்ததுதான். கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். அதில் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. நம் குண்டே பட்டாலும் அதே கதிதான். கழுகுக்குப் பக்கத்தில் அக்கா நிற்பாள், நான் மேலே ஏறி அடிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு எதிரி டேங்க் இருபது. மின்னுகிற டேங்கை அடித்தால் பரிசு வரும்: நட்சத்திரம், கடிகாரம், கையெறி குண்டு, மண்வெட்டி. மண்வெட்டியை எடுத்தால் கழுகைச் சுற்றியுள்ள செங்கல் கொஞ்ச நேரம் இரும்பாகிவிடும். அதை நான் எடுத்துவிட்டால் அவளுக்குக் கோபம் வரும். பின்னாலிருந்து என்னை ஒரு குண்டு அடிப்பாள். கூட்டாளி குண்டு பட்டால் டேங்க் சாகாது. சில விநாடி மின்னிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தச் சில விநாடிக்குள் எதிரி வந்து என்னை முடித்துவிடுவான். உடன்பிறப்புகளை நன்றாக அறிந்த ஒருவர்தான் இந்த விதியை எழுதியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

விளையாட்டின் உண்மையான பெயர் 'பேட்டில் சிட்டி'. ஜப்பானின் நாம்கோ நிறுவனம், 1980ல் கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வெளியிட்ட 'டேங்க் பட்டாலியன்' விளையாட்டை விரித்து, நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்காகச் செய்தது. வெளியான நாள் 1985 செப்டம்பர் 9. நான்கே நாளில் அதே பெட்டிக்கு சூப்பர் மாரியோ வந்தது. மாரியோவை உலகமே வாங்கியது. பேட்டில் சிட்டியை அமெரிக்காவில் நின்டெண்டோ பெட்டிக்கு விற்கவே இல்லை.

அமெரிக்காவுக்கே போகாதது எங்கள் திண்டுக்கல்லுக்கு எப்படி வந்தது? விடை கேசட்டின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஜப்பானிய ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின். அமெரிக்காவுக்குப் போன பெட்டியில் அதை 72 ஆக்கினார்கள். நமக்கு வந்த நகல் பெட்டிகள் ஜப்பானின் 60 பின்னையே பின்பற்றின. அதனால் ஜப்பானோடு நின்றிருக்க வேண்டிய விளையாட்டுகளும் கூடவே வந்தன. ரஷ்யாவில் 1992 முதல் விற்ற 'டெண்டி'யும் இதே மாதிரி நகல் பெட்டிதான். அங்கேயும் எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த டேங்க் என்றால் உயிர்.

பேட்டில் சிட்டியின் 35 கட்டங்களையும் வீடியோவில் ஓட்டிப் பார்த்தேன். படகு இல்லை. அக்காவுக்கு போன் போடலாம் என்று எடுத்தபோதுதான் 'டேங்க் 1990' கண்ணில் பட்டது. பேட்டில் சிட்டியைப் பிரித்து, வரைபடங்களை மாற்றி, கள்ளத்தனமாக வெளியிட்ட பதிப்பு. அதில் புதிதாக இரண்டு பரிசுகள்: ஒரு துப்பாக்கி, ஒரு படகு. படகை எடுத்த டேங்க் தண்ணீரில் இறங்கிப் போகிறது. எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு கேசட். இரண்டாவது, நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வந்தது. அக்கா தனியாகவே ஆடியிருக்கிறாள்.

கழுகையும் காத்துக்கொண்டு ஆற்றையும் கடந்து அவள் ஒருத்தியே ஆடியதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். திருட்டு நகல் என்று அதை ஒதுக்கவும் மனமில்லை. உழைத்தவருக்கு ஒரு பைசா போகவில்லை, அது நியாயமில்லை. ஆனால் அசலைச் செய்தவர்களுக்குத் தோன்றாத படகு திருடியவனுக்குத் தோன்றியிருக்கிறது.

தேடலில் இன்னொன்றும் கிடைத்தது. பேட்டில் சிட்டியின் நிரலுக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. குறிப்பிட்ட வரிசையில் பட்டன்களை அழுத்தினால் திரையில் வரும்: இந்த நிரலை எழுதியவன் நொரிகோவை நேசிக்கிறான். எழுதியவர் ரியோய்ச்சி ஓகுபோ. அங்கே புனைபெயரில் கையெழுத்திட்டிருக்கிறார். அசலை அப்படியே நகலெடுத்தவர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் காதலையும் சேர்த்தே நகலெடுத்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள்.

இதைச் சொன்னதும், "நம்ம கேசட்லயுமாடா?" என்றாள் அக்கா. அந்த முதல் கேசட்டில் இருந்திருக்கும் என்றேன்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே தூக்கிக் கெணத்துல போட்டிருப்பாரு."